பேச்சு நின்றால் கொக்கி நிற்கும்

என் வாயைப் பற்றி யார் வேண்டுமானாலும் குறை சொல்லட்டும். என் மனைவி சுகுணா தினமும் சொல்கிறாள், தலையாட்டிக்கொள்கிறேன். எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்து டீக்கடைக்காரர் சொல்கிறார், சிரித்துவிட்டுப் போகிறேன். ஆனால் முனியாண்டி அண்ணன் சொன்னதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் கிரேன் ஓட்டுகிறவர். நான் அவருக்கு சிக்னல் கொடுக்கிறவன். மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்து நின்றதும் நான் மேல்தளத்தில் ஏறி, சரக்கறையின் வாயோரம் நின்றுகொள்வேன். அந்த வாயை ஹேட்ச் என்போம். உள்ளே எட்டிப் பார்த்தால் கிணறு மாதிரி ஆழம். உயரத்தில் கிரேன் அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஹேட்ச்சின் விளிம்பு தெரியும், அங்கே நிற்கும் என்னைத் தெரியும். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது. கிணற்றுக்குள் இறங்கிய கொக்கியை அவர் என் குரலை நம்பித்தான் நடத்த வேண்டும். வாக்கி டாக்கியில் நான் ‘ஹபேஸ்’ என்றால் தூக்குவார், ‘ஆரியா’ என்றால் இறக்குவார். அது எந்த ஊர் பாஷை என்று கேட்காதீர்கள். பெங்காலி, தெலுங்கர், மலையாளி, தமிழன் எல்லோருக்கும் துறைமுகத்தில் அதுதான் பாஷை.

இதில் ஒரு விதி உண்டு. சரக்கு அசைந்துகொண்டிருக்கும் வரை சிக்னல்காரனின் குரல் விடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் கொக்கியும் நின்றுவிட வேண்டும். எனக்கு நெஞ்சுவலி வந்ததா, வாக்கி டாக்கி செத்துவிட்டதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் மற்ற சிக்னல்காரர்கள் ‘ஹபேஸ் ஹபேஸ் ஹபேஸ்’ என்று நாமாவளி பாடுவார்கள். எனக்கு அது அலுப்பு. நடுநடுவே வீட்டுக் கதையைச் செருகிவிடுவேன்.

“ஹபேஸ்... ஹபேஸ்... நேத்து கொழாயடியில வசந்தகுமாரிக்கும் எதுத்த வீட்டு பெங்காலிக்காரம்மாவுக்கும் ஒரே சண்டைண்ணே... ஹபேஸ்... யாரு கொடம் மொதல்லங்கிறதுதான்... ஹபேஸ்... நம்ம சுகுணா வெலக்கிவிடப் போயி அவ கொடம் நசுங்கினதுதான் மிச்சம்... நிறுத்து நிறுத்து... இப்ப ஆரியா...”

“ம். அப்புறம்?” என்பார் அவர்.

வருஷக்கணக்கில் அவர் எனக்குச் சொன்ன பதில் அவ்வளவுதான். உசிலம்பட்டிப் பக்கத்து மனிதர், பேச்சில் கஞ்சன். நான் ராமநாதபுரத்துக்காரன், இரண்டு பேருக்குமாகச் சேர்த்து நானே பேசிவிடுவேன். எங்கள் சோடியின் கையில் ஒரு முட்டை உடைந்ததாகக்கூட யாரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் டீக்கடையில், பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது, யாரோ என்னைக் கிண்டல் செய்ததற்கு ஒத்து ஊதினார்.

“எட்டு மணி நேரம் இவன் பேச்சக் கேட்டுக் கேட்டு என் காது புண்ணாப் போச்சுய்யா. ஒரு நாள் இவன் வாய மூடிட்டான்னா முனீஸ்வரனுக்கு கெடா வெட்டுறேன்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் டீ உள்ளே இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சுகுணாவிடம் எரிந்து விழுந்தேன். கெடாதானே வெட்ட வேண்டும்? நல்ல ஆடாகப் பார்த்து வாங்கி வைக்கட்டும் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வாயை இறுக்கிவிட்டேன். ‘ஹபேஸ்’ என்பேன், மூடிக்கொள்வேன். கொக்கி நின்றுவிடும். மறுபடி ‘ஹபேஸ்’ என்பேன், கிளம்பும். சரக்கு விக்கல் எடுத்தவன் மாதிரி மேலே போகும். ஃபோர்மேன் ஹால்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார், “முருகா, கியா ஹுவா? தபியத் டீக் ஹை?” என்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லாம் டீக் ஹை என்று சொல்லிவிட்டேன்.

இந்தச் சண்டையில் தூது போனவன் பொன்னுத்துரை. சரக்கறைக்குள் இறங்கி, பெட்டிகளுக்கு இரும்புக் கயிறு மாட்டிவிடுகிற கலாசி. அவனுடைய பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவன் வேலை தேடி இங்கே வந்து, புஷ்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு, துறைமுகத்துக்குப் பின்னால் குடியிருக்கிறான். எல்லோருக்கும் நல்லவன். சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து நிற்பான்.

“அண்ணே, முனியாண்டி அண்ணன் நீங்க சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னாருங்க.”

“கெடா ரெடியான்னு நான் கேட்டதாச் சொல்லு.”

அவன் தலையைச் சொறிந்துகொண்டு போவான். நான் ஜெயித்துக்கொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

இப்படியே ஒரு வாரம் ஓடியது. சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி இருந்தது. ஹேவ்லாக் தீவில் யாரோ கட்டும் ஓட்டலுக்குப் போகிற ஜெனரேட்டர். ஒரு சின்ன அறை அளவுக்கு மரப்பெட்டி, யானைக்குட்டி கனம். சரக்கறையின் ஒரு பக்கம் கப்பலின் இரும்புச் சுவர், இன்னொரு பக்கம் சுவர் போல அடுக்கிய சிமெண்ட் மூட்டைகள். நடுவில் பெட்டி. பொன்னுத்துரையும் இன்னொரு கலாசி கணபதியும் கயிறு மாட்டிவிட்டுக் கையை உயர்த்தினார்கள். கணபதி ஒதுங்கிக்கொண்டான். பொன்னுத்துரை மூட்டைப் பக்கம் நின்றான்.

“ஹபேஸ்” என்று சொல்லி வாயை மூடினேன்.

பெட்டி இடுப்பளவு எழுந்தது. பேச்சு நின்றதால் கொக்கியும் நின்றது. அவர் விதிப்படிதான் செய்தார். எனக்கோ, வேண்டுமென்றே என்னைப் பேசவைக்கப் பார்க்கிறார் என்று பற்றிக்கொண்டு வந்தது.

“ஹபேஸ்!” என்று கத்தினேன்.

அந்தக் கத்தலில் அவர் கை வெடுக்கென்று இழுத்துவிட்டது. பெட்டி துள்ளியது. அதன் ஒரு மூலை கப்பல் சுவரில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புச் சட்டத்துக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ள, மறுபக்கம் அப்படியே சிமெண்ட் மூட்டைகளின் மேல் சாய்ந்தது.

“நிறுத்து! நிறுத்து!”

நின்றது. சிமெண்ட் தூசி புகையாக எழுந்து அடங்கியது. பெட்டிக்கும் மூட்டைச் சுவருக்கும் நடுவில் பொன்னுத்துரையின் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

கணபதி அவன் முகத்தருகே குனிந்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். “உசிரு இருக்குண்ணே! நெஞ்ச அமுக்கிக்கிட்டு இருக்கு!”

எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்கு நிலைமை பார்த்த உடனே புரியும். மேலே தூக்கினால், மாட்டிய மூலை இன்னும் இறுகும். பிய்த்துக்கொண்டு வரும்போது மொத்தப் பெட்டியும் பொன்னுத்துரை மேல் பாயும். கீழே அதிகம் இறக்கினால், பெட்டியின் அடி அவன் கால்களின் மேல் உட்காரும். ஒரே வழிதான் இருந்தது. நாலு விரல் அளவு மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். மூலை விடுபடும். அந்த நொடியில் கீழே இருப்பவர்கள் பெட்டியில் கட்டிய வடக்கயிற்றைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்க வேண்டும். பிறகு தூக்க வேண்டும். எந்த இடத்திலும் ஒரு வெடுக் வரக்கூடாது. இதைச் செய்ய வேண்டிய கை, உள்ளே எதையுமே பார்க்க முடியாத முனியாண்டி அண்ணனுடைய கை.

“முருகா, என்னாச்சு?” என்று வாக்கி டாக்கியில் அவர் குரல்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“செத்துட்டானா?”

“இல்லண்ணே. ஆனா நசுங்கிக்கிட்டு இருக்கான். நாலு விரக்கட ஆரியா போகணும்.”

“என்னால முடியாது.” அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “கை ஆடுதுடா. ரெண்டு கையும் ஆடுது. ஈஸ்வரனக் கூப்புடு.”

ஈஸ்வரன் அடுத்த ஷிஃப்ட் கிரேன்காரர், மரைன் ஹில்லில் வீடு. ஹால்தார் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். “ஜல்தி ஆவ், ஜல்தி!” என்று கத்தினார். ஈஸ்வரன் கிளம்பிவிட்டாராம். ஆனால் மலையிறங்கி, வண்டிகளுக்குள் புகுந்து, துறைமுக வாசல் தாண்டி, கிரேன் ஏணியில் ஏறி உட்கார வேண்டுமே. மின்னி பே கடல் பக்கம் வானம் கறுத்து வந்தது. முதல் காற்று அடித்ததும் மேலே இரும்புக் கயிறு முனகியது. பெட்டி லேசாக அசைந்தது. கீழே பொன்னுத்துரை ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு மனமில்லை.

“மழைக்கு முன்னாடி எடுக்கணும்ணே,” என்றேன் வாக்கி டாக்கியில். “ஈஸ்வரன் வர்ற வரைக்கும் தாங்காது.”

“நாந்தான்டா கொன்னேன். இழுத்தது நாந்தான்.”

“நீ இழுக்கல. நாந்தான் கத்தினேன்.”

“என்னால முடியாது முருகா.”

அப்போது கணபதி தன்னுடைய வாக்கி டாக்கியைப் பொன்னுத்துரையின் வாயருகே கொண்டுபோய்ப் பிடித்தான். அவன் மூச்சு முதலில் வந்தது. பிறகு விட்டு விட்டுப் பேச்சு.

“அண்ணே... புஷ்பாவுக்கு இப்ப சொல்லிறாதீங்க...”

“சொல்லலடா, பேசாத, மூச்ச வீணாக்காத.”

“நான் பேசல. நீங்க பேசுங்க... எப்பவும் போல பேசிக்கிட்டே எறக்குங்க அண்ணே. இந்த ஒரு வாரமா கீழ நிக்கவே எங்களுக்குப் பயமா இருக்குங்க... உங்க சத்தம் வந்தாத்தான்... மேல எல்லாம் சரியா இருக்குன்னு...”

அதற்கு மேல் அவனுக்கு மூச்சு வரவில்லை. கணபதி வாக்கி டாக்கியை எடுத்துவிட்டான்.

யாரோ என் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் கதையைக் கேட்டு முனியாண்டி அண்ணன் ஒருவர்தான் சலித்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். கிணற்றுக்குள் தலைக்கு மேல் யானையைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்கிறவர்கள், வசந்தகுமாரியின் குடத்தைக் கேட்டுக்கொண்டுதான் நிம்மதியாக நின்றிருக்கிறார்கள். அது தெரியாமல் நான் கெடாக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேச வேண்டும். வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தையும் வரவில்லை. ஒரு வாரமாக வீட்டிலும் முறைத்துக்கொண்டு இருந்ததில், அங்கே என்ன நடந்தது என்று எதையுமே நான் கவனித்திருக்கவில்லை. ஹால்தார் என் முதுகில் ஓங்கி அடித்தார். “போல் நா! குச் பி போல்!” எதையாவது பேசித் தொலை என்று கெஞ்சினார்.

“அண்ணே, லீவர்ல கைய வை,” என்றேன்.

“ஆடுது.”

“ஆடட்டும். சும்மா வை. இன்னைக்கு எங்க வீட்ல சூரை மீன் கொழம்புண்ணே.”

இரைச்சல்.

“ஜங்லிகாட் மார்க்கெட்ல போயி சுகுணாவே வாங்கிட்டு வந்தா. கண்ணு செவசெவன்னு, அப்பத்தான் புடிச்சது மாதிரி. ஆரியா... ஒரு மயிரிழை... ஆரியா... புளியக் கரைச்சு வச்சுட்டு மாங்காய நறுக்கினா. ஆரியா... கொஞ்சம்... அந்த மாங்கா இருக்கே, கடிச்சா பல்லு கூசும்...”

மேலே இரும்புக் கயிறு ஒரு அசைவு அசைந்தது. பெட்டி நடுங்கியது. கீழே கணபதியும், தளத்திலிருந்து ஓடி இறங்கிய நாலு பேரும் வடக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, காலை ஊன்றி நின்றார்கள். எல்லோருடைய முகமும் என்னைப் பார்த்திருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“ஆரியா... கொழம்பு கொதிக்கிறப்ப தெருவே மணக்குதுண்ணே. ஆரியா... நான் என்ன செஞ்சேன், அவ அந்தப் பக்கம் போனதும் கரண்டிய எடுத்து...”

பெட்டி நின்றது. நான் நிறுத்தச் சொல்லவில்லை.

“டேய்,” என்றார் முனியாண்டி அண்ணன். “பொய் சொல்ற.”

“என்னண்ணே?”

“இன்னைக்குச் சனிக்கெழம. உங்க வீட்ல சனிக்கெழம மீனு கெடையாது. பெருமாளுக்கு வெரதம் இருக்கும்ல சுகுணா.”

நான் ஹேட்ச் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சுகுணாவின் விரதத்தை அவரிடம் எப்போதோ ஒரு தடவை சொல்லியிருப்பேன், எந்த மூட்டைக்கும் எந்தக் கம்பிக்கட்டுக்கும் நடுவிலோ. ‘ம், அப்புறம்’ மனிதர் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறார். கண் சட்டென்று நிறைந்தது. ஆனால் அதற்கெல்லாம் அது நேரமில்லை. அவருடைய குரலில் இருந்த நடுக்கம் போயிருந்தது. என் பொய்யைப் பிடித்த எரிச்சல் மட்டும்தான் அதில் இருந்தது.

“சரி, பொய்தான். என்ன சமைச்சான்னு எனக்கே தெரியாது. கோவத்துல டப்பாவத் தொறக்காம பன்னத் தின்னுட்டு வந்தேன். ஆரியா...”

“சோத்த வீணாக்கினியா?”

“ஆமா. ஆரியா... இன்னும் ஒரு விரக்கட... எல்லாம் ஒன்னாலதான். கடையில வச்சு என்னய அசிங்கப்படுத்தினேல்ல... ஆரியா... பத்துப் பேரு முன்னாடி... ஆரியா... எனக்கு எப்படி இருந்திருக்கும்... ஆரியா...”

“வெளாட்டுக்குச் சொன்னேன்டா.”

“வெளாட்டுக்குச் சொன்னா கெடா எதுக்கு வருது... ஆரியா... மெள்ள... மெள்ள...”

‘டிக்’ என்று ஒரு சத்தம். மூலை இரும்புச் சட்டத்தைவிட்டு இறங்கியது.

“நிறுத்து! கணபதி, இழு!”

அஞ்சு பேரும் பின்னால் சாய்ந்து இழுத்தார்கள். பெட்டி அசையலாமா வேண்டாமா என்று யோசித்தது. காற்று எதிர்த்து அடித்தது. இப்போது ஒரு வெடுக் போதும்.

“இப்ப ஹபேஸ்ணே... பால் பொங்குறப்ப அடுப்பத் தணிக்கிற மாதிரி... ஹபேஸ்... ஒனக்குக் கோவம் இருந்தா எறங்கி வந்து என்னய அடி... ஹபேஸ்... இப்ப கையில காட்டிராத... ஹபேஸ்... ஹபேஸ்... நான் எங்கயும் போகல, இங்கதான் பேசிக்கிட்டு இருக்கேன்... ஹபேஸ்...”

பெட்டி மூட்டைகளைவிட்டு ஒரு சாண் விலகியது. பிறகு ஒரு முழம். கணபதி கயிற்றை அடுத்தவன் கையில் திணித்துவிட்டுப் பாய்ந்து, பொன்னுத்துரையின் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்தான். பொன்னுத்துரை இருமினான். அவ்வளவு அழகான இருமலை நான் கேட்டதே இல்லை. உடம்பெல்லாம் சிமெண்ட், மூக்கில் ரத்தம், ஆனால் இரண்டு காலும் அசைந்தன.

பெட்டியை வெளியே எடுத்து, துறைமுகத் தரையில் இறக்கும் வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. கொக்கி தளர்ந்தது. பொன்னுத்துரையை ஸ்டிரெச்சரில் கட்டி மேலே கொண்டுவந்தார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அவன் கை என் முழங்காலைத் தொட்டது. ஹால்தாரும் மற்றவர்களும் ஸ்டிரெச்சரோடு ஆம்புலன்ஸை நோக்கி ஓடினார்கள். மழை வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு நடுக்கம் வந்தது. நான் எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. ஹேட்ச் விளிம்பில், கால் இரண்டையும் உள்ளே கிணற்றுக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொடையிலிருந்து பாதம் வரை தனியாகக் கழன்றுவிட்ட மாதிரி ஆடியது. எழுந்திருக்க நினைத்தேன், உடம்பு கேட்கவில்லை. இரும்பு மழையில் வழுக்கியது. கீழே இருந்தவர்கள் மறுபக்க ஏணியில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள். கூப்பிடலாம் என்றால் வாய் வரவில்லை.

வாக்கி டாக்கி கரகரத்தது.

“முருகா.”

நெஞ்சில் தொங்கிய அதைக் குனிந்து பார்த்தேன்.

“முருகா, ஒன் காலு ஆடுறது இங்கேருந்து தெரியுது. உள்ள தொங்கப்போட்டு உக்காந்திருக்க. அசையாத. ஹால்தாருக்குச் சொல்லிட்டேன், ஆள் வருது.”

அண்ணாந்து பார்த்தேன். மழைக்குள் கிரேன் அறையின் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை. விளிம்பைப் பிடித்திருந்த என் கை ஒரு விரல் அளவு நழுவியது.

அவர் தொண்டையைக் கனைத்தார். பொத்தானை அழுத்தினார், விட்டார், மறுபடி அழுத்தினார்.

“காலைல... ஒச்சம்மா கேப்பக் களி கிண்டுனா.”

இரைச்சல். மனைவியைப் பற்றி அந்த மனிதர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“தொட்டுக்க கருவாடு. அதுல உப்பு பத்தல. பத்தலங்கிறேன் நானு. கருவாட்டுக்கு யாராச்சும் உப்புப் போடுவாங்களான்னு அவ கேக்குறா.”

மழைத்தண்ணீர் என் கண் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. கால் ஆட்டம் கொஞ்சம் அடங்கிய மாதிரி இருந்தது. விளிம்பை இரண்டு கையாலும் சரியாகப் பிடித்துக்கொண்டேன்.

“ரெண்டு பேருக்கும் வாய்ச் சண்ட. சட்டியோட எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பெறகு...”

அவர் நின்றுவிட்டார். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றாரா, நான் கேட்கிறேனா என்று பார்த்தாரா, தெரியாது. பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் தளத்தில் கேட்டது. நான் நெஞ்சில் தொங்கிய வாக்கி டாக்கியின் பொத்தானை அழுத்தினேன்.

“ம்,” என்றேன். “அப்புறம்?”